முறைவழியாக்கி மாற்றமும் உறுப்புத் தெரிவும்

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, பழைய நினைவுகளை எழுதுவதா, பிறருக்குப் பயன்படுவதொன்றை எழுதுவதா எனச் சிறிது தயங்கினோம். விடுதி வாழ்க்கையையும் விளையாட்டு மைதானத்தையும் பற்றி எம்மினும் இனிமையாக எழுதவல்லார் பலர் இம்மலரில் உளர். ஆதலின், கல்லூரிக் கணினிக்கூடத்தைப் புதுப்பிக்கும் பணியில் ஈடுபட்டுப் பிழைவிட்டும் திருந்தியும் நாம் கற்றுக்கொண்ட ஒன்றை ஈண்டு விளக்க முற்பட்டோம். மேசைக் கணினியின் முறைவழியாக்கியை மாற்ற விரும்புவோர் எவ்வெவ்வுறுப்புக்களை எவ்வாறு தெரிதல் வேண்டும் என்பதே அப்பொருள். முறைவழியாக்கி என்று பாடநூல்கள் கூறுவதையே கடைகளில் புரொசெசர் என்பர்.

இப்பொருள் இன்று பலருக்கும் வேண்டப்படுவதாயிற்று. மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அளித்துவந்த பொது ஆதரவை 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியோடு நிறுத்திக்கொண்டது. அதன் வழிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டை வேண்டிநிற்பதோடு முறைவழியாக்கியின் வயதையும் பார்க்கின்றது. இன்டெல் நிறுவனத்தின் 8ஆம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை, மிகச் சில நீங்கலாக, அது முறைப்படி ஏற்பதில்லை, ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் முதல் வரிசையையும் ஏற்பதில்லை. மறுபுறத்தில், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி அவ்வாண்டு மே மாதமளவில் 350 ரூபாவைக் கடந்தமையை எவரும் மறந்திலர். இறக்குமதிப் பொருளாகிய கணினியை முழுவதுமாக மாற்றுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. உள்ளதில் ஓர் உறுப்பை மாற்றி மேலுஞ் சில ஆண்டுகள் பயன்கொள்ளலாமா என்னும் வினா இங்ஙனமே எழுகின்றது.

எமது கணினிக்கூடத்தில் இருபது கணினிகள் இருந்தன. பன்னிரண்டில் இன்டெல் 6ஆம் தலைமுறைக் கோர் ஐ3-6100 முறைவழியாக்கியும், எஞ்சிய எட்டில் றைசன் 3 1200 முறைவழியாக்கியும் பொருத்தப்பட்டிருந்தன. பழைய மாணவர் பலர் பொருளுதவி செய்தனர். எமக்குக் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது ஒரு மாத ஓய்வூதியத்தை ஒரு கடித உறையுள் இட்டு, "பிள்ளைகளுக்குப் பயன்படட்டும்" என்று மாத்திரம் எழுதி அனுப்பியிருந்தார். அவ்வுறையைக் கையிலேந்திய நாம் அதிலொரு சதமும் வீணாகலாகாதென உறுதிபூண்டோம். ஆயினும், முதல் வாரத்திலேயே ஏறத்தாழ அதேயளவு தொகையை வீணாக்கினோம். அது நேர்ந்தவாறு கீழே காண்க.

நோயை முதற்கண் அறிதல்

கணினி தாமதிக்கின்றது என்றவுடன் முறைவழியாக்கியையே குறைகூறுதல் வழக்கமாகிவிட்டது. கணினியின் மூளை என அதனைக் கூறுவதால் விளைந்த மயக்கம் இதுவாகும். கணினியின் விரைவு பல உறுப்புக்களின் கூட்டுழைப்பினால் வருவது. எமது முதியோர் துலாவினால் நீரிறைத்த காலத்தை ஈண்டு நினைவுகூர்தல் நன்று. துலாவிலேறி மிதிப்போர் சிலர். கிணற்றருகில் நின்று பட்டை பிடித்து நீரைச் சரிப்பவர் ஒருவர். வாய்க்கால் வழிவரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிவிடுபவர் இன்னொருவர். கிணற்றில் ஊற்றுக் குறைந்திருக்கும்போது துலா மிதிக்க மேலும் ஒருவரை ஏற்றுவதால் தோட்டம் நனையுமா? நனையாது. மிதிப்போர் முறைவழியாக்கி போல்வர். கிணறு தரவைச் சேமித்து வைத்திருக்கும் தட்டுப் போல்வது. வாய்க்கால் நினைவகம் போல்வது. எவ்விடத்தில் தடை உளதோ அவ்விடத்திலேயே மருந்திடல் வேண்டும்.

இவ்வுண்மையைக் கணக்காற் காட்டியவர் ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கக் கணினிப் பொறியியலாளர் ஆவர். 1967ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கருத்து அம்டால் விதி எனப் பெயர்பெற்றது. ஒரு பகுதியை எத்துணை விரைவாக்கினும், விரைவாக்கப்படாத பகுதி முழுப்பயனுக்கும் எல்லை வகுத்துவிடும் என்பதே அதன் சாரம். எடுத்துக்காட்டாக, ஒரு வேலை 100 வினாடி எடுக்கின்றது என்க. அதில் 30 வினாடி முறைவழியாக்கியிலும் 70 வினாடி தட்டிலிருந்து தரவைப் பெறுவதிலும் கழிகின்றன. முறைவழியாக்கியின் விரைவை இருமடங்காக்கினால் 30 என்பது 15 ஆகும். மொத்தம் 85 வினாடி. பெரும்பொருள் செலவிட்டும் கிடைத்த இலாபம் 15 வினாடியே. அதனை விடுத்துத் தட்டின் விரைவைப் பத்து மடங்காக்கினால் 70 என்பது 7 ஆகும். மொத்தம் 37 வினாடி.

இது வெறுங்கற்பனைக் கணக்கன்று. நிமிடத்துக்கு 7200 தரம் சுழலும் வன்தட்டு அரைச் சுற்றுச் சுற்றுவதற்கே 4 மில்லிசெக்கனுக்குச் சிறிது மேலாகும். வாசிக்கும் தலை இடம்பெயரும் நேரம் வேறு. அசையும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகமோ அவ்வேலையை ஒரு மில்லிசெக்கனின் சிறு பின்னத்தில் முடித்துவிடும்.

தடை எங்குளது என அறிவதற்குப் பெருங்கருவி வேண்டியதில்லை. விண்டோஸ் முறைமையிற் கொன்ரோல், ஷிப்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் தோன்றும். நாடோறுஞ் செய்யும் வேலையைச் செய்துகொண்டே அதனை நோக்குக. தட்டின் அளவு நூற்றுக்கு நூறாக நிற்க, முறைவழியாக்கி நூற்றுக்கு இருபதில் இளைப்பாறிக்கொண்டிருந்தால், மாற்றவேண்டியது தட்டு. நினைவகம் நிரம்பி வழிந்தால் சேர்க்கவேண்டியது நினைவகம். முறைவழியாக்கி நீடித்து நூறில் நின்றால் மாத்திரமே இக்கட்டுரையின் ஏனைய பகுதிகள் வேண்டப்படும். ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. இன்றைய முறைவழியாக்கி ஒன்றினுள் கோர் எனப்படும் கணிப்பகங்கள் பல உள. நான்கு கோர்களுள் ஒன்று மாத்திரம் முழுமூச்சாக உழைத்தால் மொத்த அளவு 25 என்றே தோன்றும். அத்தகைய வேலைக்குக் கோர்களின் தொகையைப் பெருக்குவதாற் பயனில்லை. ஒவ்வொரு கோரும் விரைவுடையதாதல் வேண்டும்.

எமது பன்னிரண்டு கணினிகளிலும் தடையாயிருந்தது வன்தட்டே. நாமோ இச்சோதனையைச் செய்யாது கடைக்கு விரைந்தோம். அதுவே எமது முதற் பிழை.

சொக்கற்றும் தாய்ப்பலகையும்

முறைவழியாக்கி அமரும் பீடத்தைச் சொக்கற் என்பர். அது தாய்ப்பலகையோடு பிரிக்கமுடியாதவாறு இணைந்துளது. ஆகவே, எம்முறைவழியாக்கியை வாங்கலாம் என்பதை எமது விருப்பம் முடிவுசெய்வதில்லை; உள்ள தாய்ப்பலகையே முடிவுசெய்கின்றது. ஒவ்வொரு சொக்கற்றுக்கும் பெயருண்டு. இன்டெல் நிறுவனத்தினர் பெரும்பாலும் தொடுகைகளின் தொகையையே பெயராக்குவர். எல்.ஜி.ஏ. 1151 என்பதில் 1151 தொடுகைகள் உள.

எமது இரண்டாம் பிழை இங்கேதான் நேர்ந்தது. பழைய ஐ3-6100 அமர்ந்திருந்தது எல்.ஜி.ஏ. 1151 சொக்கற்றில். 8ஆம் தலைமுறையைச் சேர்ந்த ஐ5-8400 என்பதும் எல்.ஜி.ஏ. 1151 என்றே குறிக்கப்பட்டிருந்தது. எண் ஒன்று, வடிவமும் ஒன்று. சோதனைக்காக ஒன்றை வாங்கிவந்து பொருத்தினோம். அது செவ்வனே அமர்ந்தது, கணினியோ கண்விழிக்கவில்லை. 2015ஆம் ஆண்டில் வந்த 6ஆம் தலைமுறையும் அதற்கடுத்த 7ஆம் தலைமுறையும் 100, 200 என்னும் வரிசைச் சிப்செற் கொண்ட தாய்ப்பலகைகளுக்கு உரியன. 2017ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்த 8ஆம் தலைமுறை, 300 என்னும் வரிசைக்கு மாத்திரம் உரியது. தொடுகைகளின் தொகை மாறாதிருக்க, அவற்றுட் சிலவற்றின் தொழில் மாற்றப்பட்டிருந்தது. பெட்டியைத் திறந்துவிட்டமையாற் கடைக்காரர் பொருளை மீள ஏற்கவில்லை, அவர்மீது குறையில்லை. ஆசிரியர் அனுப்பிய உறை எமது கண்முன் நின்றது.

ஆகவே, சொக்கற்றின் பெயரைப் பார்த்தல் போதாது. சிப்செற்றின் பெயரையும் பார்த்தல் வேண்டும். அதுவும் போதாது. தாய்ப்பலகையைச் செய்த நிறுவனம் ஒவ்வொரு பலகைக்கும் ஏற்ற முறைவழியாக்கிகளின் பட்டியலைத் தனது இணையப் பக்கத்தில் வெளியிட்டிருக்கும். அப்பட்டியலில் நாம் வாங்கக்கருதிய முறைவழியாக்கியின் முழுப்பெயரும், அதற்கு வேண்டிய பயோஸ் பதிப்பின் எண்ணும் உளவா எனப் பார்த்தபின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும். பயோஸ் என்பது கணினி விழித்தெழும்போது முதற்கண் இயங்கும், பலகையிலேயே பதிக்கப்பட்ட மென்பொருள்.

இதற்கு மறுதலையான இனிய செய்தியும் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனம் 2017ஆம் ஆண்டு மார்ச்சில் றைசன் முதல் வரிசையை ஏ.எம். 4 என்னும் சொக்கற்றில் வெளியிட்டது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் வந்த றைசன் 5000 வரிசையும் அதே சொக்கற்றுக்குரியது. முதலில் வந்த 300 வரிசைப் பலகைகள் பலவற்றுக்கும் 2022ஆம் ஆண்டில் அதற்கேற்ற பயோஸ் வெளியாயிற்று. எமது எட்டுக் கணினிகளின் தாய்ப்பலகையும் அப்பட்டியலில் இருந்தது. 2017இல் வந்த பலகையில் 2022இல் வந்த முறைவழியாக்கியைப் பொருத்த முடிந்தமை எமக்குப் பெரும்பேறாயிற்று.

புதிய பலகையும் வாங்க நேர்ந்தோர் அதன் எதிர்காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் வந்த எல்.ஜி.ஏ. 1700 இன்டெல் 12ஆம், 13ஆம், 14ஆம் தலைமுறைகளை ஏற்றது. 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851 என்னும் வேறு சொக்கற் வேண்டியதாயிற்று. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 5 சொக்கற் 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் வந்தது. ஒரு சொக்கற்றின் இறுதிக் காலத்தில் அதன் எளிய முறைவழியாக்கியை வாங்குவோர், பின்னாளில் ஏறுவதற்கு ஒரு படியேனும் அப்பலகையில் எஞ்சியிருக்கின்றதா எனக் கேட்டறிதல் நன்று.

பெயரும் எண்ணும்

முறைவழியாக்கியின் பெயரிலுள்ள ஐ3, ஐ5, ஐ7 என்பவற்றை வகுப்பேற்றம்போற் கருதுவோர் பலர். ஐ7 எப்போதும் ஐ3இனும் சிறந்தது என்பது அவர்தம் எண்ணம். ஒரே தலைமுறைக்குள் அது பெரும்பாலும் பொருந்தும். தலைமுறை மாறினாற் பொருந்தாது. 2015ஆம் ஆண்டின் ஐ7-6700 நான்கு கோர்களும் எட்டு இழைகளும் உடையது; 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த ஐ3-12100 என்பதும் நான்கு கோர்களும் எட்டு இழைகளும் உடையது. பின்னது பெயரால் எளியதாயினும் விரைவால் முன்னதைத் தெளிவாக வெல்லும். இழை என்பது ஒரே நேரத்தில் ஏற்று நடத்தத்தக்க பணியொழுக்கு. ஐ7-6700 என்பதில் முதல் இலக்கமாகிய 6 தலைமுறையைக் குறிக்கும். ஐ3-12100 என்பதில் முதலிரண்டு இலக்கங்களாகிய 12 அதனைக் குறிக்கும். பழைய ஐ7 என்று புகழ்ந்து விற்கப்படும் கணினியை வாங்குமுன் இவ்விலக்கங்களை வாசித்தல் வேண்டும்.

பெயரின் இறுதியில் வரும் எழுத்தும் பொருளுடையது. இன்டெல் பெயர்களில் எஃப் என்னும் எழுத்து, படங்காட்டும் வரைவியற்பகுதி அம்முறைவழியாக்கியினுள் இல்லை எனக் குறிக்கும். தனி வரைவியல் அட்டை இல்லாதவர் விலை குறைவென எஃப் வகையை வாங்கினாற் கணினி இயங்கியும் திரை இருண்டே கிடக்கும். கே என்னும் எழுத்து, விரைவை மேலுங் கூட்டுதற்கு வழிவிடப்பட்டது எனக் குறிக்கும். விலையும் வெப்பமும் கூடிய அவ்வகை பாடசாலைக் கூடத்துக்கு வேண்டியதன்று. ஏ.எம்.டி. வகையில், றைசன் 5 5600 என்பதில் வரைவியற்பகுதி இல்லை. றைசன் 5 5600ஜி என்பதில் உண்டு. எமது எட்டுக் கணினிகளிலும் சிறிய வரைவியல் அட்டைகள் முன்னரே இருந்தமையின் ஜி இல்லாத 5600 எமக்குப் போதியதாயிற்று. ஆறு கோர்களும் பன்னிரண்டு இழைகளுமுள்ள அது, நான்கு கோர்களும் நான்கு இழைகளுமே கொண்ட பழைய 1200இன் இடத்தைப் பிடித்தது.

நினைவகமும் மின்னும் வெப்பமும்

தாய்ப்பலகையை மாற்றும்போது நினைவகமும் மாறநேரலாம். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்பன ஒன்றுக்கொன்று பொருந்தா; பிழையாகச் செருகாதபடி அவற்றின் வெட்டுக்குறியும் வெவ்வேறிடத்தில் உளது. ஏ.எம். 5 சொக்கற் டி.டி.ஆர். 5ஐ மாத்திரம் ஏற்கும். எல்.ஜி.ஏ. 1700 பலகைகளுட் சில நான்கையும் சில ஐந்தையும் ஏற்பன. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியமையால் நினைவகத்தின் விலை உலகெங்குஞ் சடுதியாக ஏறியது. ஆகவே, கைவசமுள்ள நல்ல டி.டி.ஆர். 4 நினைவகத்தைத் தொடர்ந்து பயன்படுத்தத் தரும் வழியை எளிதிற் புறக்கணித்தலாகாது. 16 ஜிகாபைற் வேண்டுமாயின் ஒரே துண்டாக வாங்குதலினும் எட்டெட்டாக இரண்டு துண்டு வாங்குதல் நன்று. அவற்றை உரிய இரு செருகிடங்களில் இட்டால் இரு வாய்க்கால் வழியாக நீர் பாய்வதுபோல் தரவு பாயும். முறைவழியாக்கியினுள்ளிருக்கும் வரைவியற்பகுதியை நம்பியிருப்போர்க்கு இது மிகவும் வேண்டியது.

அடுத்து மின். ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் வாற்றுக் கணக்கு உண்டு. றைசன் 5 5600 என்பதன் குறிப்பளவு 65 வாற்று. இன்டெல் ஐ9-14900கே என்பதன் அடிப்படை அளவு 125 வாற்று. முழுவேகத்தில் அது 253 வாற்றுவரை செல்ல இடமுண்டு. பின்னதை எளிய தாய்ப்பலகையில் ஏற்றினால், மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் பகுதி சூடேறி, முறைவழியாக்கி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெருவிலை கொடுத்தும் அரைப்பயனே கிட்டும். விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் முதுமொழி ஈண்டும் பொருந்துவதாகும். மின்வழங்கியின் வாற்று அளவை மாத்திரமன்றி, முறைவழியாக்கிக்குரிய நான்கு அல்லது எட்டு ஊசி இணைப்பு அதில் உளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். வெளிநாட்டு அலுவலகங்களிற் பயன்பட்டுப் பின் எமது சந்தைக்கு வரும் பெயர்பெற்ற சிறு கணினிகளுட் பலவற்றில் தாய்ப்பலகையும் மின்வழங்கியும் அவற்றுக்கே உரிய அமைப்பின. அவற்றுக்குப் பொதுச்சந்தையில் மாற்றுறுப்புத் தேடி அலைதல் வீண்முயற்சியாய் முடியும்.

வெப்பத்தையும் எண்ணுதல் வேண்டும். அறையின் வெப்பநிலை 20 பாகை என எண்ணி எழுதப்பட்ட மதிப்புரைகளை வாசித்துவிட்டு, 32 பாகை அறையில் அதே பயனை எதிர்பார்த்தல் தகாது. காற்று எத்துணைச் சூடாயுளதோ, முறைவழியாக்கியும் ஏறத்தாழ அத்துணை கூடிய சூட்டில் இயங்கும். வளிபதனம் இல்லாத அறைக்கு 65 வாற்று வகையே தக்கது என நாம் முடிவுசெய்தமைக்கு இதுவே காரணம். 5600 விற்கப்படும் பெட்டியுள் குளிர்விப்பான் ஒன்றும் உடன்வரும். பெட்டியின்றி விற்கப்படுவதில் அது இராது. பழைய குளிர்விப்பானைப் பயன்படுத்த எண்ணுவோர் அதன் பிடிகள் புதிய சொக்கற்றுக்குப் பொருந்துமா எனப் பார்த்துக்கொள்க.

பொருத்தும் நாள்

உறுப்புக்கள் யாவும் பொருந்தியபோதும் பொருத்தும் ஒழுங்கு தவறினால் இடர் நேரும். முதலாவதாக, மாணவரின் கோப்புக்களைப் பிறிதோரிடத்திற் படியெடுத்து வைத்தல் வேண்டும். தாய்ப்பலகையை மாற்றுவோர் விண்டோஸ் உரிமத்தை மீளப் பதிய நேரலாம் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. இரண்டாவதாக, பழைய முறைவழியாக்கி இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்தல் வேண்டும். புதியதைப் பொருத்தியபின் பழைய பயோஸ் அதனை அறியாது, கணினி எழாது. புதுப்பிக்கும் வேளையில் மின் தடைப்பட்டாற் பலகையே பயனற்றுப்போகலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட எமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. யூ.பி.எஸ். கருவியோடு இணைத்த பின்னரே அவ்வேலையைத் தொடங்கினோம்.

பயோஸைப் பழுதுபார்ப்பு நாளில் மாத்திரம் நினைப்பதும் தவறு. இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினி முறைவழியாக்கிகளுட் சில, அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. இன்டெல் நிறுவனம் 2024ஆம் ஆண்டில் இதனை ஒப்புக்கொண்டு, அவ்வாண்டு ஓகஸ்டிற் பயோஸ் வழியாகத் திருத்தம் வழங்கியது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அத்தலைமுறைகளில் ஒன்றைப் பழையதாக வாங்குவோர் பயோஸைப் புதுப்பித்த பின்னரே அதனைப் பயன்படுத்தல் வேண்டும். ஏற்கனவே நேர்ந்த பழுதை அத்திருத்தம் மாற்றாது என்பதையும் அறிதல் வேண்டும்.

மூன்றாவதாக, ஏ.எம். 4 வகையில் ஊசிகள் முறைவழியாக்கியிலேயே உள. உலர்ந்த வெப்பப் பசையினாற் குளிர்விப்பான் ஒட்டிக்கொண்டிருக்கும்போது நேரே மேலிழுத்தால் முறைவழியாக்கியும் பிடுங்கப்பட்டு ஊசிகள் வளையும். கணினியைச் சிறிது நேரம் இயக்கிச் சூடேற்றி நிறுத்தியபின், குளிர்விப்பானை மெல்ல இடமும் வலமும் திருகி எடுத்தல் வேண்டும். இன்டெல் எல்.ஜி.ஏ. வகையில் நுண்ணிய ஊசிகள் சொக்கற்றிலே உள; அங்கு விரல் படலாகாது. பழைய பசையை முற்றாகத் துடைத்துப் புதுப்பசையைச் சிறு பயறளவு இட்டாற் போதும். பழையதாக விற்கப்படும் முறைவழியாக்கியை வாங்குவோர் ஊசிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்த்து, கடையிலேயே இயக்கிக் காட்டச் செய்து வாங்குதல் நன்று.

கணக்கும் முடிவும்

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் மூன்று வழிகளே உள. முதல் வழி, முறைவழியாக்கியைத் தொடாது தட்டையும் நினைவகத்தையும் மாற்றுதல். இரண்டாம் வழி, உள்ள தாய்ப்பலகை ஏற்கும் மேலானதொரு முறைவழியாக்கியை இடுதல். மூன்றாம் வழி, பலகை, முறைவழியாக்கி, நினைவகம் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றுதல். செலவும் இவ்வொழுங்கிலேயே ஏறும். முதல் வழியாற் குறை தீருமாயின் இரண்டாம் வழியை நாடலாகாது. இரண்டாவதால் தீருமாயின் மூன்றாவதை நாடலாகாது. மூன்றாம் வழியின் செலவு புதிய கணினியின் விலையை நெருங்குமாயின், உத்தரவாதத்தோடு வரும் புதியதை வாங்குதலே அறிவுடைமை.

எமது பன்னிரண்டு கணினிகளுக்கு முதல் வழியைக் கைக்கொண்டோம். அவற்றின் பலகைகள் ஏற்கும் மிகமேலான ஐ7-7700 என்பதும் 7ஆம் தலைமுறையினதே. அதனை இட்டாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. எனவே, எஸ்.எஸ்.டி. ஒன்றும் நினைவகத் துண்டு ஒன்றும் சேர்த்து, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் பணிசெயல் முறைமையை நிறுவினோம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர் பைதன் மொழி பயில்வதற்கும், ஆவணங்களும் விரிதாள்களும் ஆக்குவதற்கும் அது நன்கு பொருந்திற்று. முன்னர் கணினி எழுமுன் பாடவேளையின் முதற் சில நிமிடங்கள் கழிந்துவிடும். இன்று ஆசிரியர் வரவு குறிப்பதற்குள் யாவும் எழுந்து நிற்கின்றன.

எஞ்சிய எட்டிலும் எஸ்.எஸ்.டி. முன்னரே இருந்தது. ஒளிப்படத்தொகுப்பு, மெய்நிகர் கணினி முதலிய வேலைகளின்போது முறைவழியாக்கியே நூறில் நின்று திணறியது. நோய் அங்கிருந்தமையின் மருந்தும் அங்கே இட்டோம். இரண்டாம் வழியால் அவை றைசன் 5 5600 பெற்று, விண்டோஸ் 11க்கும் தகுதியுடையவாயின. பலகை, பெட்டி, மின்வழங்கி, நினைவகம் எல்லாம் பழையனவே. இருபது புதிய கணினிகள் வாங்க வேண்டுமென்று தொடக்கத்தில் எம்முட் சிலர் வாதித்தனர். நாம் ஒன்றும் புதிதாக வாங்கினோமில்லை. ஒரு மாணவனேனும் பழைய கணினி என்று குறைகூறக் கேட்டோமுமில்லை.

பொருந்தாத அந்த ஐ5-8400 என்னவாயிற்று என அன்பர்கள் வினவலாம். ஓராண்டு காலம் அது கூடத்து அலுமாரியிற் கிடந்தது. புதிதாக வரும் மாணவர்க்கு முதற்பாடத்தில் அதனையும் பழைய ஐ3-6100 ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டினர் ஆசிரியர்கள். புறத்தில் ஒத்திருப்பவை அகத்தில் ஒத்திரா என்பதற்கு அதனினுஞ் சிறந்த சான்று வேறில்லை. பின்னர் 300 வரிசைத் தாய்ப்பலகை ஒன்று பழையதாகக் கிடைத்தது. இப்போது அது இருபத்தோராவது கணினியாக நூலகத்தில் இயங்குகின்றது. ஓய்வூதியம் அனுப்பிய ஆசிரியரிடம் சென்று நடந்ததை ஒளியாது கூறினோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்து, "கணக்கைச் செய்யுமுன் வினாவை இருமுறை வாசி என்று அன்றும் சொன்னேனே" என்றார். அன்றும் கேட்டோமில்லை, இன்றாயினும் கேட்போமாக.

கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.